ஒப்பந்தத் தகராறில் இருக்கும் ரன்னிங் பேக்கை டிராஃப்டில் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆபீஸ் நண்பர்களோடு முதல் முறையாக என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ஃபேன்டஸி லீகில், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை எடுத்து அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் போட்டியில், சேர்ந்திருக்கிறீர்கள். 12 பேர், ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட், அதாவது சுற்றுச் சுற்றாக ஆளுக்கொரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் நாள். 2018-ல் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் லெவியான் பெல்லை முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காமல் போன கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒப்பந்தப் பிரச்சினை இருக்கும் ரன்னிங் பேக் பக்கமே போகக்கூடாதா? பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டவர் அடுத்த வருடம் சொதப்புவார் என்பது உண்மையா?" என்று கேட்கிறீர்கள். பார்த்தால் இரண்டு கேள்வி, ஆனால் கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு ஆட்டக்காரரை எந்தச் சுற்றில் எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பல வருடங்களாக ஒரு ஃபேன்டஸி லீகை நடத்தும் கமிஷனராக இருக்கிறேன். ஜூலை வந்தால் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருவார். நான் சொல்வது இதுதான். செய்தியில் வரும் மில்லியன் கணக்கை விடுங்கள். அந்த ஆட்டக்காரர் கையில் இப்போது என்ன காகிதம் இருக்கிறது, ஆட வராமல் இருந்தால் அவருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று பாருங்கள். அவர் வருவாரா, எப்போது வருவார் என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ரன்னிங் பேக் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணித் தடுப்புக்குள் புகுந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். உடம்பு தாங்கும் நல்ல காலம் பெரும்பாலும் 22 வயதிலிருந்து 27, 28 வரைதான். கல்லூரியிலிருந்து என்எஃப்எல் அணிகளின் நிஜ டிராஃப்டில் தேர்வாகி வருபவரின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தி எழுத விதியே இடம் தராது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் விடாமல் பிடிக்க ஃபிரான்சைஸ் டேக் இருக்கிறது. அந்த இடத்தில் ஆடுபவர்களில் அதிகம் வாங்கும் ஐந்து பேரின் சம்பளத்தை ஒட்டிக் கணக்கிட்ட ஓராண்டுத் தொகை அது. மறு ஆண்டும் டேக் போட்டால் 120 சதவீதம் கொடுக்க வேண்டும். ஆக, நன்றாக ஓடும் ஐந்தாறு வருடத்தையும் அணி மலிவாக வாங்கிவிடுகிறது. சுதந்திரமாகச் சந்தைக்கு வரும்போது "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த அநியாயம் தெரிந்தால்தான் இவர்கள் ஏன் பயிற்சி முகாமுக்கு வராமல் அடம்பிடிக்கிறார்கள் என்பது புரியும். எனக்கு அவர்கள்மேல் கோபமே வந்ததில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். என்எஃப்எல் ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை வேறு, உத்தரவாதத் தொகை வேறு. 5 ஆண்டுக்கு 70 மில்லியன் டாலர் என்று தலைப்புச் செய்தி வந்தாலும், இரண்டாம் வருடம் அணி அவரை நீக்கினால் உத்தரவாதப் பகுதி மட்டும்தான் கைக்கு வரும். பேரம் எப்போதும் இந்த இரண்டாவது எண்ணைச் சுற்றித்தான் நடக்கும்.

சரி, பெல் விஷயத்துக்கு வருவோம். 2017-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவருக்கு 12.12 மில்லியனுக்கு டேக் போட்டது. அவர் முகாமுக்கு வரவில்லை. சீசன் தொடங்கும் நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் 321 ஓட்டம், 85 கேட்ச், இரண்டும் சேர்த்து 1,946 யார்டு. 2018-ல் மறுபடியும் டேக், இந்த முறை 14.54 மில்லியன். அப்போதும் முகாமுக்கு வரவில்லை. "போன வருடம் மாதிரி கடைசி நேரத்தில் வந்துவிடுவார்" என்று எல்லோரும் நம்பினார்கள். டிராஃப்டில் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள்ளேயே அவர் பெயர் போனது. அவர் வரவே இல்லை. டேக்கில் கையெழுத்திட நவம்பர் 13 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அந்த சீசனில் ஆடவே முடியாது. அவர் தவறவிட்டார். வாரத்துக்குச் சுமார் 8,55,000 டாலர் வீதம் முழுத் தொகையும் போனது. மறுநாள் சக ஆட்டக்காரர்கள் அவருடைய லாக்கரில் இருந்த ஷூக்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போன காட்சி செய்திகளில் வந்தது.

2017-க்கும் 2018-க்கும் என்ன வித்தியாசம்? டேக்கில் கையெழுத்திடாதவர் ஒப்பந்தத்திலேயே இல்லாதவர். முகாமுக்கு வராவிட்டால் அபராதம் கிடையாது. இது இரண்டு வருடமும் பொது. ஆனால் 2018-ல் போட்டது இரண்டாவது டேக். மூன்றாவது முறை போட்டால் தொகை எங்கோ போய்விடும், ஸ்டீலர்ஸ் அதற்குத் துணியாது என்று அவர் தரப்பு கணக்குப் போட்டது. அதாவது காத்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. இன்னொரு 400 முறை பந்தைச் சுமந்து முட்டியை உடைத்துக்கொண்டால் அந்தக் கதவும் அடைபடும். அந்த இடத்தில் நின்று பார்த்தால் அவர் எடுத்த முடிவு பைத்தியக்காரத்தனம் இல்லை. 2019 மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸ் அவருக்கு 4 ஆண்டுக்கு 52.5 மில்லியன் கொடுத்தது.

இதையே 2023-ஓடு ஒப்பிடுங்கள். நியூயார்க் ஜயன்ட்ஸின் சேக்வான் பார்க்லி, லாஸ் வேகஸ் ரெய்டர்ஸின் ஜாஷ் ஜேக்கப்ஸ் இருவருக்கும் 10.09 மில்லியனுக்கு டேக். இருவருமே உடனே கையெழுத்திடவில்லை. "இன்னொரு பெல்" என்ற பயத்தில் டிராஃப்ட் பட்டியல்களில் இருவர் பெயரும் ஆட்டம் கண்டது. ஆனால் இருவருக்கும் அதுதான் முதல் டேக். முழு வருடம் உட்கார்ந்தாலும் அணி மறு வருடம் திரும்ப டேக் போட முடியும். காத்திருப்பதால் விடுதலை இல்லை, சம்பளம் மட்டும் போகும். பார்க்லி ஜூலை கடைசியில் வந்துவிட்டார். ஜேக்கப்ஸ் ஆகஸ்ட் 26-ல் வந்தார். ஒரு ஆட்டம்கூட இருவரும் இதனால் தவறவிடவில்லை. பெல்லுக்குப் பிறகு டேக் காரணமாக முழு சீசனும் வெளியே உட்கார்ந்த ரன்னிங் பேக் ஒருவரும் இல்லை. அதனால் பெல் கதையை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நடக்க என்னென்ன கூடி வர வேண்டும் என்பதற்கு அது உதாரணம், அவ்வளவே.

அடுத்த வகை, ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே கூடுதல் கேட்டு வராமல் இருப்பவர்கள். இவர்களுக்குப் பிடி குறைவு. முழு வருடம் வராவிட்டால் அந்த ஒப்பந்த ஆண்டு கழியாது, அப்படியே அடுத்த வருடத்துக்கு நகரும். போதாததற்கு 2020-ல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் அபராதத்தைக் கடுமையாக்கியது. நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை போகும். முதல் ஒப்பந்தத்தைத் தாண்டியவர் என்றால் அணியே விரும்பினாலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. 2019-ல் இந்த வகையில் இரண்டு பேர். டல்லாஸ் கவ்பாய்ஸின் எசகியேல் எலியட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. முகாம் முழுக்க மெக்சிகோவில் தனியாகப் பயிற்சி எடுத்தார். சீசனுக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 4-ல், 6 ஆண்டு, 90 மில்லியன், அதில் 50 மில்லியன் உத்தரவாதம் என்று முடிந்தது. முதல் ஆட்டத்திலேயே ஆடினார், வருட முடிவில் 1,357 யார்டு. ஆகஸ்டில் சற்றுக் கீழே இறங்கிய விலைக்கு, அதாவது கொஞ்சம் பிந்திய இடத்தில், அவரை டிராஃப்டில் எடுத்தவர்களுக்கு நல்ல லாபம்.

அதே வருடம் சார்ஜர்ஸின் மெல்வின் கார்டன். ஐந்தாம் ஆண்டு, 5.6 மில்லியன். அணி அசையவில்லை, ஏனென்றால் ஆஸ்டின் எக்லர் அந்த இடத்தில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார். நான்கு ஆட்டம் போன பிறகு கார்டன் புதிய ஒப்பந்தம் இல்லாமலே ஆடத் திரும்பினார். திரும்பிய முதல் ஆட்டத்தில் 12 ஓட்டத்தில் 31 யார்டு. அந்த வருடம் ஓடியது மொத்தமே 612 யார்டு. எலியட்டுக்கும் கார்டனுக்கும் திறமையில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. டல்லாஸ் எலியட்டை மையமாக வைத்தே ஆட்டத்தைக் கட்டியிருந்தது. சார்ஜர்ஸிடம் மாற்று ஆள் தயாராக இருந்தார். அதனால் பெஞ்சில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் ஒப்பந்தச் செய்தியைப் படிக்காதீர்கள்.

அபராதம் கடுமையானதும் புதிதாக ஒரு வழக்கம் வந்தது. ஹோல்ட்-இன் என்பார்கள். முகாமுக்கு வருவார், கூட்டங்களில் உட்காருவார், பயிற்சியில் மட்டும் இறங்க மாட்டார். 2025 ஆகஸ்டில் பஃபலோ பில்ஸின் ஜேம்ஸ் குக் இப்படித்தான் இருந்தார். சில நாட்களில் 4 ஆண்டு, 48 மில்லியனுக்கு முடிந்தது. ஆள் முகாமில் இருக்கிறார் என்றால் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம், இந்த வகைக்கு நான் விலையை அதிகம் குறைப்பதில்லை. இதில் கசந்துபோனது 2023-ல் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸின் ஜோனதன் டெய்லர் விஷயம். 2021-ல் 1,811 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தவர். வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார், கணுக்கால் காயத்தால் காயப் பட்டியலில் வைக்கப்பட்டார், முதல் நான்கு ஆட்டம் போனது. அக்டோபர் 7 சனிக்கிழமை 3 ஆண்டு, 42 மில்லியனுக்குக் கையெழுத்து. மறுநாள் டென்னசி டைட்டன்ஸோடு ஆட்டம். டெய்லர் வந்துவிட்டார் என்று எல்லோரும் அவரை ஆடும் பட்டியலில் போட்டார்கள். அவர் ஓடியது 6 முறை, 18 யார்டு. அவர் இடத்தில் ஆடிவந்த சாக் மாஸ் 23 முறை ஓடி 165 யார்டு, 2 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது).

இந்த ஒரு ஆட்டத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட நாளும் முழு ஆட்டம் ஆடும் நாளும் ஒன்றல்ல. நடுவில் இரண்டு மூன்று வாரம் போகும். நான்கு ஆட்டம் தவறவிட்டவர் என்றால் உங்கள் கணக்கில் ஆறு ஆட்டம் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி நிச்சயமில்லாதவை. முகாமுக்கு வராதவருக்குத் தசைக் காயம் அதிகம் வரும் என்று ஒவ்வொரு ஆகஸ்டும் எழுதுவார்கள். இருக்கலாம், ஆனால் கையில் இருக்கும் உதாரணங்கள் மிகக் குறைவு, அவையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஜேக்கப்ஸ் 2022-ல் 1,653 யார்டு ஓடி முதலிடம். 2023-ல் முகாம் இல்லாமல் வந்து 805 யார்டு, ஓட்டத்துக்கு சராசரி 3.5. முகாமைத் தவறவிட்டதுதான் காரணமா? முந்தைய வருடம் 340 முறை ஓடிய உடம்பு அது. அணியோ நடுவழியில் தலைமைப் பயிற்சியாளரையே மாற்றியது. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மறுபக்கம் டல்லாஸின் எமிட் ஸ்மித். 1993-ல் ஒப்பந்தத்துக்காக முதல் இரண்டு ஆட்டம் வரவில்லை, அணி இரண்டிலும் தோற்றது. அப்புறம் வந்தவர் அந்த வருடமே அதிக யார்டு ஓடியவர், சிறந்த ஆட்டக்காரர், சூப்பர் பவுல் வெற்றி என்று மூன்றையும் வாங்கினார்.

பெரிய பணம் வந்ததும் ஆட்டம் குறையும் என்பதும் இப்படித்தான். டாட் கர்லி 2018 ஜூலையில் 60 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அந்த வருடம் 21 டச் டவுன், பிறகு முட்டி விட்டது, 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை நீக்கியது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2020-ல் 64 மில்லியனுக்குப் போட்டார், அந்த வருடம் ஆடியது 3 ஆட்டம், அடுத்த வருடம் 7. பெல் ஜெட்ஸுக்குப் போய் ஓட்டத்துக்கு 3.2 யார்டு. இவற்றை மட்டும் அடுக்கினால் சாபம் போலத்தான் தெரியும். ஆனால் டெரிக் ஹென்றி 2020 ஜூலையில் 50 மில்லியன் வாங்கிய கையோடு 2,027 யார்டு ஓடினார். பார்க்லி 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 37.75 மில்லியனுக்குச் சேர்ந்த முதல் வருடமே 2,005 யார்டு. முந்தைய வருடம் ஜயன்ட்ஸில் அவர் ஓடியது 962. முன்னால் நின்று வழி திறக்கும் தடுப்பு வரிசை மாறியது. எனக்குத் தோன்றுவது, பணம் யாரையும் சோம்பேறி ஆக்குவதில்லை. ஆயிரம் முறைக்கு மேல் அடிபட்ட பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வருகிறது. தேய்மானம் தெரியத் தொடங்கும் வயதும் ஒப்பந்தம் வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் பழி ஒப்பந்தத்தின்மேல் விழுகிறது. இது என் கருத்து, நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல.

ஒப்பந்தம் உண்மையில் ஃபேன்டஸிக்குத் தருவது வேறு ஒன்று: வாய்ப்பு. 50 மில்லியன் உத்தரவாதம் கொடுத்த அணி அந்த ஆளைப் பெஞ்சில் வைக்கத் தயங்கும். 2022-ல் டல்லாஸைப் பாருங்கள். எலியட் 231 ஓட்டத்தில் 876 யார்டு, சராசரி 3.8. இளைஞரான டோனி பொலார்ட் 193 ஓட்டத்தில் 1,007 யார்டு, சராசரி 5.2. யார் நன்றாக ஓடினார் என்பதில் கேள்வியே இல்லை. ஆனாலும் அதிக முறை பந்து போனது எலியட்டிடம்தான். எல்லைக்கோட்டருகே அவரையே இறக்கியதால் 12 டச் டவுன். ஃபேன்டஸியில் டச் டவுன் ஒன்றுக்கு 6 புள்ளி, அழகாக ஓடினாரா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் புதிதாகப் பெரிய உத்தரவாதம் வாங்கியவருக்கு அந்த முதல் இரண்டு வருடம் நான் பயமில்லாமல் விலை கொடுப்பேன். உத்தரவாதம் தீரும் மூன்றாம் வருடத்தில்தான் யோசிப்பேன்.

இனி உங்கள் டிராஃப்ட். ட்ரீம்11 போல இன்றைய ஆட்டத்துக்கு மட்டும் அணி போடுவதில்லை இங்கே. எடுத்தவரை சீசன் முழுக்கச் சுமக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார் ரன்னிங் பேக் வாரம் 18 புள்ளி தருகிறார், அவர் இல்லாதபோது நீங்கள் இறக்கும் மாற்று ஆள் 9 தருகிறார் என்று வையுங்கள். ஆறு வாரம் குறைந்தால் உங்கள் நஷ்டம் 54 புள்ளி. நீங்கள் பயப்படும் அளவுக்கு இது பெரிதல்ல, ஏனென்றால் பட்டம் முடிவாகும் பிளே-ஆஃப் வாரங்களில் அவர் இருப்பார். நிச்சயமாகத் திரும்புவார் என்ற நிலையில் இருப்பவர் மூன்றாம் சுற்றுவரை இறங்கினால் தாராளமாக எடுக்கலாம். முதல் சுற்றில் எடுக்கக் கூடாது. அங்கே கிடைக்கும் மற்ற பெயர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. இரண்டாவது டேக், கையெழுத்திடாதவர், வயது 26 தாண்டியவர் என்ற மூன்றும் சேர்ந்தால் ஆறாம் சுற்றுக்கு முன் அவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

எடுத்தால் அவருடைய மாற்று ஆளையும் சேர்த்து எடுங்கள், ஹேண்ட்கஃப் என்பது இதுதான். 2018-ல் பெல்லோடு ஜேம்ஸ் கானரையும் பின் சுற்றில் எடுத்தவர்கள் தப்பித்தார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் கானர். முதல் ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்கு எதிராக 31 ஓட்டம், 135 யார்டு, 2 டச் டவுன், மேலே 5 கேட்சில் 57 யார்டு. நான்காம் கால்பகுதியில் பந்தைக் கைவிட்டு ஆட்டம் 21-21 என்று சமனில் முடிந்தாலும், ஃபேன்டஸியில் அந்த வாரம் அவர் பொக்கிஷம். ஆனால் இது எல்லா அணியிலும் நடக்காது. 2023-ல் டெய்லருக்கு மாற்றான மாஸுக்கே கை உடைந்திருந்ததால் முதல் வாரம் வேறொருவர் ஆடினார். மாற்று ஆள் ஒருவர்தான் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதற்கு ஒரு சுற்றைச் செலவு செய்யுங்கள்.

உங்கள் கமிஷனரிடம் இரண்டு விஷயம் இப்போதே கேட்டுவிடுங்கள். டிராஃப்டை சீசனுக்கு முந்தைய வார இறுதிக்குத் தள்ள முடியுமா? அதற்குள் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்தது, அணிக்கே வராமல் இருப்பவரைக் காயப்பட்டோர் இடத்தில் வைக்க உங்கள் லீகில் அனுமதி உண்டா? டெய்லர் போலக் காயப் பட்டியலில் இருப்பவருக்குப் பொதுவாக உண்டு. பெல் போல வராமலே இருப்பவருக்குப் பல இடங்களில் கிடையாது, மாதக்கணக்கில் ஒரு பெஞ்ச் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவார். அப்புறம், அவர் கையெழுத்துப் போட்டார் என்ற செய்தி வரும் வாரம் அவரை இறக்காதீர்கள். அந்த ஆட்டத்தில் எத்தனை முறை பந்து அவரிடம் போனது என்று பாருங்கள். 15 முறைக்கு மேல் போனால் அடுத்த வாரம் இறக்கலாம், குறைவு என்றால் இன்னொரு வாரம் பொறுங்கள்.